கதைப் புத்தகம் படமாகி வட்டில் வரும்போது: எந்தப் பதிப்பை வாங்குவது, எப்படிக் காட்டுவது

குழந்தைகளுக்காக எழுதப்பட்ட விந்தைக் கதை ஒன்று திரைப்படமாகித் திரையரங்குகளில் ஓடி முடிந்தபின், டிவிடி, ப்ளூ-ரே, 4கே அல்ட்ரா எச்டி எனப் பல வடிவங்களில் விற்பனைக்கு வருகிறது. அட்டைப்படம் பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும். உள்ளே இருப்பதோ பதிப்புக்குப் பதிப்பு மாறும். படம் எந்த அளவில் வெட்டப்பட்டிருக்கிறது, எந்தெந்த மொழிகளில் ஒலி இருக்கிறது, படம் உருவான விதத்தைச் சொல்லும் பகுதிகள் எவ்வளவு இருக்கின்றன, நம் கருவியில் அது ஓடுமா ஓடாதா என்பவையெல்லாம் பெட்டியின் பின்புறத்தில் சிறிய எழுத்துகளில்தான் அச்சாகியிருக்கும். அந்தச் சிறிய எழுத்துகளைப் படித்துத் தேர்ந்தெடுப்பதற்கும், வாங்கியதைக் குழந்தைகளுக்கு நன்றாகக் காட்டுவதற்கும் உதவுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இவ்வகைப் படங்களுக்கு வட்டு எதற்கு, இணையத்தில் பார்த்தால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடும் படத்துக்கு வட்டு தேவையில்லை. ஆனால் சிறு குழந்தைகள் பிடித்த படத்தை ஒருமுறையோடு விடுவதில்லை. ஸ்ட்ரீமிங் சேவைகளில் உள்ள படங்களோ, உரிம ஒப்பந்தம் முடிந்ததும் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகின்றன. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. படக்கதைப் புத்தகத்தின் ஓவியர் பக்கத்தின் மூலைகளில் ஒளித்துவைக்கும் சின்னச் சின்ன வேடிக்கைகளைப் போலவே, அதைப் படமாக்கும் கலை இயக்குநரும் பின்னணியில் ஏராளமானவற்றை வைக்கிறார். சுவரில் தொங்கும் படம், கடைப் பலகையில் உள்ள எழுத்து, ஓரத்தில் ஓடும் எலி என இவை கதையின் பாதியைச் சொல்கின்றன. ஆகவே வட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சட்டகம் (ஒரு நேரத்தில் திரையில் தெரியும் படம்) முழுமையாக இருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா என்பதே. மற்ற கவர்ச்சிகள் எல்லாம் அதற்குப் பின்னர்தான்.

எந்த வடிவம்

டிவிடியில் ஒரு சட்டகத்துக்கு 720×480 அல்லது 720×576 பிக்சல்கள் உண்டு. ப்ளூ-ரேயில் 1920×1080. அதாவது டிவிடியைப் போல் ஐந்து அல்லது ஆறு மடங்கு. 4கே அல்ட்ரா எச்டி வட்டில் 3840×2160. ப்ளூ-ரேயைப் போல் மீண்டும் நான்கு மடங்கு. எண்ணிக்கையை மட்டும் பார்த்து மிக உயர்ந்ததையே வாங்க வேண்டும் என்றில்லை. டிவிடியிலிருந்து ப்ளூ-ரேக்குப் போகும்போது தெரியும் வித்தியாசம் யார் கண்ணுக்கும் படும். ப்ளூ-ரேயிலிருந்து 4கே-க்குப் போகும்போது தெரியும் வித்தியாசம் தொலைக்காட்சியின் அளவையும் உட்காரும் தூரத்தையும் பொறுத்தது. மேலும், கணினி வரைகலை மிகுந்த படங்கள் பலவும் 2கே அளவிலேயே (ஏறத்தாழ ப்ளூ-ரேயின் பிக்சல் அளவில்) முடிக்கப்பட்டு, பிறகு 4கே-க்குப் பெரிதாக்கப்படுகின்றன. அத்தகைய படங்களில் 4கே வட்டின் உண்மையான ஆதாயம், எச்டிஆர் தரும் விரிந்த ஒளி வேறுபாடும் நிறச் செறிவும்தான். மாயக் காடு, மிட்டாய் நகரம், இரவு வானம் போன்ற காட்சிகள் நிறைந்த படத்துக்கு அது கணிசமான ஆதாயமே. ஆனால் தொலைக்காட்சி எச்டிஆரை நன்றாகக் காட்டக்கூடியதாக இருந்தால் மட்டும்.

சாதாரண ப்ளூ-ரே கருவியில் 4கே வட்டு ஓடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரே பெட்டியில் 4கே வட்டும் ப்ளூ-ரே வட்டும் சேர்ந்து வரும் பதிப்பை வாங்கினால், இன்று ப்ளூ-ரேயைப் பார்த்துக்கொண்டு, பின்னாளில் கருவி மாறும்போது மற்றதைப் பயன்படுத்தலாம். எல்லாவற்றிலும் டிவிடி தரத்தில் குறைந்தது என்றாலும், காரின் பின்னிருக்கைத் திரைக்கும் பழைய கணினிக்கும் அதுவே பொருந்தும். குழந்தையின் கைக்கே கொடுத்துவிடக்கூடிய வட்டும் அதுதான்.

முப்பரிமாணப் பதிப்புகளைப் பற்றி ஒரு சொல். 2009-ல் வந்த ‘கோரலைன்’ முப்பரிமாணத்திலேயே படமாக்கப்பட்டது. அதன் முதல் வட்டுப் பதிப்பில் இருநிறக் கண்ணாடி அணிந்து பார்க்கும் வடிவம் இருந்தது. அந்த முறையில் எந்தத் தொலைக்காட்சியிலும் ஆழம் தெரியும், ஆனால் படத்தின் நிறங்கள் குலைந்துவிடும். பின்னர் வந்த ப்ளூ-ரே 3டி நிறங்களைக் காப்பாற்றியது என்றாலும், அதற்கென்றே செய்த தொலைக்காட்சி வேண்டும். பெரிய நிறுவனங்கள் 2017-க்குள் அத்தகைய தொலைக்காட்சிகள் செய்வதை நிறுத்திவிட்டன. கருவி கையில் இல்லாதவர்கள் 3டி பதிப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

மண்டலக் குறியீடு

வெளிநாட்டிலிருந்து வட்டை வரவழைப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். டிவிடிகளுக்கு உலகம் ஆறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவும் கனடாவும் 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, தென்கிழக்கு ஆசியா 3, ஆஸ்திரேலியாவும் லத்தீன் அமெரிக்காவும் 4, இந்தியத் துணைக்கண்டம், ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5, சீனா 6. ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி என்று மூன்றே மண்டலங்கள். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், தென்கிழக்கு ஆசியா ஆகியவை ஏ; ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவை பி; இந்தியா, சீனா, ரஷ்யா ஆகியவை சி. கருவியின் மண்டலமும் வட்டின் மண்டலமும் பொருந்தாவிட்டால் திரையில் எச்சரிக்கை வாசகம் மட்டுமே தோன்றும். 4கே அல்ட்ரா எச்டி வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. ஆனால் அதே பெட்டியில் கூட வரும் ப்ளூ-ரே வட்டுக்கு இருக்கக்கூடும். கணினியின் டிவிடி இயக்கியில் மண்டலத்தை ஐந்து முறை வரைதான் மாற்ற முடியும், அதன்பின் கடைசியாக வைத்ததிலேயே அது நிலைத்துவிடும் என்பதால், அவசரத்தில் மாற்றிப் பார்க்க வேண்டாம்.

பாட்டுகள் நிறைந்த படமானால் டிவிடி வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திரைப்படம் வினாடிக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்படுகிறது. ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களின் தொலைக்காட்சி முறையான ‘பால்’ (PAL) முறையில் தயாரான டிவிடிகளில் அது வினாடிக்கு 25 சட்டகங்களாக ஓட்டப்படுகிறது. நூறு நிமிடப் படம் தொண்ணூற்றாறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒலியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் சுருதியும் சற்றே ஏறிவிடும். வசனத்தில் இது தெரியாது. பாட்டை முன்பே பலமுறை கேட்டுப் பழகிய குழந்தையின் காது சில நேரம் கண்டுபிடித்துவிடும். ப்ளூ-ரேயில் திரைப்படங்கள் பெரும்பாலும் 24 சட்டகங்களாகவே பதிக்கப்படுவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

சட்டகம் முழுமையாக இருக்கிறதா

பெட்டியின் பின்புறத்தில் 1.37:1, 1.85:1, 2.39:1 என்பது போன்ற எண்கள் இருக்கும். உயரத்தைப் போல் அகலம் எத்தனை மடங்கு என்பதை இவை சொல்கின்றன. படம் திரையரங்கில் எந்த விகிதத்தில் காட்டப்பட்டதோ அதே விகிதம் வட்டிலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. பழைய டிவிடிகளில் ‘ஃபுல் ஸ்கிரீன்’ என்று அச்சிடப்பட்டிருந்தால், அகலமான படத்தின் இரு ஓரங்களையும் வெட்டியோ, மேலும் கீழும் மறைக்கப்பட்டிருந்த பகுதியைத் திறந்துகாட்டியோ, பழைய சதுரமான தொலைக்காட்சிக்கு ஏற்றவாறு மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். குழந்தைகள் படங்களுக்குத்தான் இந்த வெட்டு அதிகம் நேர்ந்தது. திரையில் கறுப்புப் பட்டை இருந்தால் குடும்பங்கள் விரும்பமாட்டா என்று விற்பவர்கள் எண்ணியதே காரணம். ஆனால் முழுப் படமும் வேண்டும் என்று குடும்பங்களும் கேட்டன. ரோல்ட் தாலின் 1964-ஆம் ஆண்டுப் புத்தகத்திலிருந்து 1971-ல் எடுக்கப்பட்ட ‘வில்லி வொன்கா அண்டு த சாக்லேட் ஃபேக்டரி’ படத்தின் முப்பதாம் ஆண்டு டிவிடி 2001-ல் முதலில் ‘ஃபுல் ஸ்கிரீன்’ வடிவத்தில் மட்டுமே வந்தது; எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதே ஆண்டில் அகலத்திரைப் பதிப்பும் வெளியிடப்பட்டது. இரண்டும் இன்றும் பழைய பொருள் சந்தையில் கலந்தே கிடைக்கின்றன. அதனால் அட்டைப்படத்தைப் பார்த்து வாங்காமல், விகித எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

கறுப்புப் பட்டை எப்போதும் மேலும் கீழும்தான் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. 1939-ல் வந்த ‘த விசார்டு ஆஃப் ஓஸ்’ 1.37:1 விகிதத்தில் எடுக்கப்பட்டது. இன்றைய அகலமான தொலைக்காட்சியில் அதைச் சரியாகக் காட்டினால் இடமும் வலமும் பட்டைகள் இருக்கும். அந்த இடத்தை நிரப்புவதற்காகத் தொலைக்காட்சியின் ‘ஸூம்’ பொத்தானை அழுத்தினால் தலையும் காலும் வெட்டுப்படும். இழுத்து விரித்தால் எல்லோரும் குட்டையாகிவிடுவார்கள். பட்டையை அப்படியே விட்டுவிடுங்கள். குழந்தைகள் இரண்டு நிமிடத்தில் அதை மறந்துவிடுவார்கள். பெரியவர்களுக்குத்தான் சற்று நேரம் எடுக்கும்.

ஒலியும் வசன வரியும்

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு வசன வரிகளைப் பின்தொடரும் வேகம் வந்திருக்காது. வரியைத் துரத்துகிற கண்ணுக்குப் படம் தப்பிவிடும். எனவே வீட்டில் பேசும் மொழியிலோ குழந்தைக்கு நன்றாகப் புரியும் மொழியிலோ மொழிமாற்ற ஒலித்தடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே படத்துக்கு ஒவ்வொரு மண்டலத்திலும் ஒலித்தடப் பட்டியல் வேறுபடும் என்பதால், வேறு நாட்டுப் பதிப்பின் விவரத்தைப் படித்துவிட்டு உள்ளூர்ப் பதிப்பை வாங்குவது தவறான முடிவில் கொண்டுவிடும். பாட்டுகள் மொழிமாற்றப்பட்டிருக்கின்றனவா, மூல மொழியிலேயே விடப்பட்டிருக்கின்றனவா என்பது பெட்டியில் எழுதப்பட்டிருக்காது. அந்தப் பதிப்பைப் பார்த்தவர்களின் மதிப்புரைகளில்தான் தெரியும். சொல் விளையாட்டும் எதுகையும் நிறைந்த புத்தகமானால், எட்டு அல்லது ஒன்பது வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இரண்டாம் முறை மூல மொழியில் காட்டுவது நல்லது. கதை ஏற்கெனவே தெரிந்துவிட்டபடியால் வசன வரி ஒரு சுமையாக இருக்காது.

‘செவித்திறன் குறைந்தோருக்கான வசன வரி’ என்று குறிப்பிட்டிருந்தால், வசனத்தோடு கதவு சாத்தப்படும் ஓசை, இடி, சிரிப்பு போன்றவையும் எழுத்தில் வரும். பார்வைக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்காகக் காட்சியைச் சொல்லிச் செல்லும் விவரண ஒலித்தடமும் சில வட்டுகளில் உண்டு. இது தேவைப்படாத வீட்டிலும், படத்தை ஒருமுறை பார்த்த பிறகு திரையை அணைத்துவிட்டு இதை மட்டும் ஒலிக்கவிட்டால், கதையை யாரோ வாசித்துக்காட்டுவதைக் கேட்பது போலிருக்கும்.

வட்டுகளின் ஒலி ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஒலிபெருக்கிகளுக்காகக் கலக்கப்படுகிறது. தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியில் கேட்கும்போது பேச்சு தாழ்ந்தும் இசை உரத்தும் இருப்பதற்கு இதுவே காரணம். கருவியின் ஒலி அமைப்பில் ‘ஸ்டீரியோ’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ‘நைட் மோட்’ என்ற அமைப்பு இருந்தால் திடீர் உரத்த ஓசைகளும் அடங்கும். சிறு குழந்தைகள் பயப்படுவது பெரும்பாலும் காட்சியைவிட ஓசையால்தான் என்பதால் இந்தச் சிறிய திருத்தம் பெரிதும் உதவும்.

கூடுதல் பகுதிகளில் எதைத் தேடுவது

‘சிறப்புப் பதிப்பு’, ‘சேகரிப்பாளர் பதிப்பு’ என்ற பெயர்களுக்கு எந்த வரையறையும் கிடையாது. உலோகப் பெட்டி, அஞ்சலட்டைகள், ஒட்டுப்படங்கள் ஆகியவற்றால் விலை ஏறுகிறது. வட்டில் உள்ளது சாதாரணப் பதிப்பில் இருப்பதாகவே இருக்கக்கூடும். புத்தகத்திலிருந்து உருவான படத்துக்கு மதிப்புள்ள கூடுதல் பகுதி எது என்றால், பக்கம் காட்சியானது எப்படி என்பதைக் காட்டும் பகுதி. மூல ஓவியங்களையும் படத்துக்காக வரைந்த காட்சி வரைபடங்களையும் அருகருகே வைத்துக் காட்டுவது, எழுத்தாளரோடோ ஓவியரோடோ நடத்திய உரையாடல், பொம்மைகளும் உடைகளும் செய்யப்படும் விதம், நீக்கப்பட்ட காட்சிகள் ஆகியவை இந்த வகையில் சேரும். நடிகர்கள் ஒருவரையொருவர் புகழும் ஐந்து நிமிட விளம்பரத் துண்டுகளை விட்டுவிடலாம்.

மாரிஸ் சென்டாக்கின் ‘வேர் த வைல்டு திங்ஸ் ஆர்’ 1963-ல் வந்த, சில நூறு சொற்களே கொண்ட படக்கதை. ஸ்பைக் ஜோன்ஸ் 2009-ல் அதை முழுநீளப் படமாக்கினார். சென்டாக்கே தயாரிப்பாளர்களில் ஒருவர். அவ்வளவு சிறிய நூல் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான படமாகும்போது, சேர்க்கப்பட்டவை எங்கிருந்து வந்தன என்ற கேள்வி இயல்பாகவே எழும். இத்தகைய படத்தின் கூடுதல் பகுதிகள், படத்தைப் பற்றிய பேச்சில் பாதியை நமக்காக முடித்துவைக்கின்றன. அதே படத்தின் ப்ளூ-ரே பதிப்பில் சென்டாக்கின் வேறொரு புத்தகத்திலிருந்து எடுத்த குறும்படம் ஒன்றும் சேர்க்கப்பட்டது. ஒரு வடிவத்துக்கு மட்டும் தரப்படும் இத்தகைய சேர்க்கைகள் அடிக்கடி உண்டு என்பதால், கூடுதல் பகுதிகளின் பட்டியலை வடிவத்துக்கு வடிவம் ஒப்பிட்டுப் பார்ப்பது வீண் வேலையாகாது.

படம் ஓடும்போதே அதை உருவாக்கியவர்கள் அதைப் பற்றிப் பேசும் விளக்கவுரை ஒலித்தடங்கள் பெரும்பாலும் பெரியவர்களுக்கானவை. ஆனால் மேலே சொன்ன வொன்கா டிவிடியில், படத்தில் நடித்த ஐந்து குழந்தைகளும் வளர்ந்தபின் ஒன்றாக உட்கார்ந்து பேசிய விளக்கவுரை இருக்கிறது. படத்தை நன்றாக அறிந்த பிள்ளைகள் அத்தகைய உரையை ஆவலோடு கேட்பார்கள். வாடகைக்கும் நூலகங்களுக்கும் தரப்படும் வட்டுகளில் சில நேரம் கூடுதல் பகுதிகள் நீக்கப்பட்டிருக்கும். பழைய வட்டு வாங்கும்போது இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இணைய நகலுக்கான குறியீட்டுச் சீட்டு பெட்டிக்குள் இருந்தால் அதன் காலாவதித் தேதியைப் பார்த்து உடனே பயன்படுத்திவிடுங்கள். அது பெரும்பாலும் குறிப்பிட்ட நாட்டில் மட்டுமே செல்லும். ஒருமுறை பயன்பட்டதென்றால் பிறகு பயனற்றது. பழைய வட்டை விற்பவர் ‘குறியீட்டுடன்’ என்று சொன்னால் அதற்குத் தனி விலை தர வேண்டியதில்லை.

தொலைக்காட்சியைச் சரிசெய்தல்

நல்ல வட்டை வாங்கிவிட்டுத் தொலைக்காட்சியின் கடை அமைப்பிலேயே பார்ப்பவர்கள் ஏராளம். ‘விவிட்’ போன்ற பெயர் கொண்ட படமுறை, பளிச்சென்று தெரிவதற்காக நிறங்களை மிகைப்படுத்துகிறது. ‘ஓஸ்’ படத்தின் கான்சஸ் காட்சிகள் பழுப்பு நிறத்தில் மங்கலாக இருந்தால்தான், கதவு திறந்து வண்ண உலகம் தோன்றும் கணம் வேலை செய்யும். புத்தகத்தில் நாயகியின் வெள்ளிக் காலணியாக இருந்ததைப் படத்தில் மாணிக்கச் சிவப்பாக மாற்றியதே டெக்னிகலர் நிறத்தை வெளிக்காட்டத்தான். ‘சினிமா’ அல்லது ‘மூவி’ என்ற படமுறையைத் தேர்ந்தெடுங்கள். 2019-க்குப் பிறகு வந்த பல தொலைக்காட்சிகளில் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற முறை இருக்கிறது. அது தேவையற்ற செயற்கைத் திருத்தங்களைத் தானே நிறுத்திவிடும்.

நிறுத்த வேண்டியவற்றுள் முதன்மையானது அசைவை வழவழப்பாக்கும் வசதி. ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். ‘மோஷன்’ என்ற சொல் அதில் பெரும்பாலும் இருக்கும். இரு சட்டகங்களுக்கு நடுவே இல்லாத சட்டகங்களை இது தானாகப் புனைந்து சேர்க்கிறது. பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப்-மோஷன் முறைக்கு இதைவிடக் கேடு வேறில்லை. வெஸ் ஆண்டர்சனின் ‘ஃபென்டாஸ்டிக் மிஸ்டர் ஃபாக்ஸ்’ (2009) படத்தில், கைபடும்போதெல்லாம் கலைகிற நரியின் மயிர் சட்டகத்துக்குச் சட்டகம் சிலிர்த்துக்கொண்டே இருப்பது வேண்டுமென்றே விடப்பட்டது. பொம்மையைக் கை தொட்டு நகர்த்தியிருக்கிறது என்பதே அதன் அழகு. வழவழப்பாக்கும் வசதி அதைத் துடைத்தெடுத்துவிடும்.

காட்டும் முறை

புத்தகத்தை முதலில் வாசிப்பதா, படத்தை முதலில் பார்ப்பதா? புத்தகமே முதலில் என்பது என் கருத்து. புத்தகத்தைப் படித்த குழந்தை அதில் வரும் ஆந்தையையும் கோட்டையையும் தனக்குள் ஏற்கெனவே உருவாக்கி வைத்திருக்கும். படத்தைப் பார்க்கும்போது ஒப்பிடும், சண்டையும் போடும். படத்தை முதலில் பார்த்துவிட்டால் பிறகு எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் நடிகரின் முகமே வந்து நிற்கும். நீண்ட நாவலாக இருந்தால் முழுவதும் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் சில அத்தியாயங்கள் போதும்.

படத்தைப் பெரியவர் ஒருவர் தனியாக ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. புத்தகத்தில் இரண்டு வரியில் கடந்துபோகும் பயங்கரம், படத்தில் ஐந்து நிமிடக் காட்சியாக விரிந்திருக்கும். தணிக்கைச் சான்றிதழ் வழிகாட்டும்; ஆனால் நாட்டுக்கு நாடு அளவுகோல் மாறும், உங்கள் குழந்தை எதற்கு அஞ்சும் என்பதும் அதற்குத் தெரியாது. சிக்கலான காட்சி எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று குறித்துக்கொண்டால், வட்டின் காட்சிப் பட்டியல் வழியாகத் தாண்டிவிடலாம். சிறு குழந்தைகளுக்குப் படத்தை இரண்டு பாதியாகப் பிரித்து இரு நாட்களில் காட்டுவதிலும் தவறில்லை. படம் ஓடும்போது கேள்விக்கு நிறுத்திப் பதில் சொல்லலாம். நாமாக நிறுத்தி விளக்கக் கூடாது. படம் எடுத்த விதத்தைக் காட்டும் பகுதிகளை அன்றே போட வேண்டாம். நரி பொம்மை என்பது தெரியாமலேயே ஒருமுறையாவது அது ஓடட்டும்.

சோதனையும் பராமரிப்பும்

வட்டு வந்தவுடன், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். பல வட்டுகளில் தரவு இரண்டு அடுக்குகளாகப் பதிந்திருக்கும். பழுது பெரும்பாலும் அடுக்கு மாறும் இடத்தில், படத்தின் நடுப்பகுதியில், தடங்கலாக வெளிப்படும். முதல் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்று வைத்துவிட்டால் அது தெரியாமலே போகும். ஒன்றுக்கு மேற்பட்ட வட்டுகள் இருந்தால் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும்.

வட்டை விளிம்பிலும் நடுத்துளையிலும் மட்டுமே பிடிக்கக் குழந்தைகளுக்குப் பழக்குங்கள். விரல் தடம் பட்டால் மென்மையான பஞ்சிழைத் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல், பதிவு ஓடும் திசையிலேயே நீண்டு அமைந்துவிடும். டிவிடியில் தரவு அடுக்கு தடிமனின் நடுவே, 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ப்ளூ-ரேயில் அது மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருப்பதால், கடினமான மேற்பூச்சு ஒன்று அதைக் காக்கிறது. பற்பசை தேய்த்துக் கீறலைப் போக்கும் பழைய வித்தையை ப்ளூ-ரேயில் செய்தால் அந்த மேற்பூச்சுதான் முதலில் கெடும். கடைகளில் உள்ள மெருகேற்றும் இயந்திரத்துக்கும் அதைக் கொடுக்க வேண்டாம்.